கவளம் இப்போது எங்கே

அவரிடம் கடிகாரம் கிடையாது. மணி என்ன என்று யாராவது கேட்டால், "நீர் எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்?" என்று திருப்பிக் கேட்பார். ஒன்பது மணிக்கு என்றால், கேட்டவரின் வயிற்றை ஒரு பார்வை பார்ப்பார். "அப்போ சோறு பாதி இரைப்பையை விட்டுக் கிளம்பியிருக்கும். இரைப்பை வாசல்லே நிக்கற காவக்காரன் கொஞ்சம் கொஞ்சமாத்தான் விடுவான். பதினொண்ணு, பதினொண்ணரைன்னு வெச்சுக்கும்" என்பார். பக்கத்து அச்சுக்கூடத்துச் சுவர்க் கடிகாரத்தை எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் அரை மணிக்கு மேல் தப்பாது.

இதனாலேயே அவருக்குக் 'கவளம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினாலும் அந்த நாளில் அவரை அந்தப் பெயரால் கூப்பிட்டவர்கள் யாரும் இப்போது இல்லை.

முதல் யுத்தத்துக்கு முந்தின வருஷங்கள். கல்கத்தாவில் பவானிபூரில் ஒரு சந்துக்குள் நம் பக்கத்து மனிதர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு மெஸ் வைத்திருந்தோம். தஞ்சாவூர் ஜில்லாக்காரர்கள்தான் அதிகம். எல்லோரும் வெள்ளைக்காரக் கம்பெனிகளில் குமாஸ்தா, டைப்பிஸ்டு. காலையில் கிணற்றடியில் ஸ்நானம், ஜபம், ஒன்பதுக்கு முழுச் சாப்பாடு, பிறகு டிராம். நான் மெட்ரிகுலேஷனை இரண்டு தடவை தவறவிட்டவன். கையெழுத்து நன்றாக இருந்ததால் ஒரு சணல் கம்பெனியில் கடிதங்களுக்கு நகல் எடுக்கும் வேலை கிடைத்தது. சுவாமி வைத்த இடம் என்று இருந்தேன்.

அவர் மட்டும் ஆபீசுக்குப் போகிறவர் இல்லை. வைத்தியப் பள்ளிக்கூடம் ஒன்றில், மாணாக்கர்களுக்கு உடம்பைப் பற்றிப் பாடம் நடக்கும் அறையில் உதவியாள். சீசாவில் போட்டு வைத்த குடல், கல்லீரல் எல்லாவற்றையும் எடுத்து மேஜைமேல் அடுக்க வேண்டும். பாடம் முடிந்ததும் கழுவித் திரும்ப வைக்க வேண்டும். அவரும் வைத்தியம் படிக்கத்தான் வந்தாராம். இரண்டாம் வருஷத்தில் தகப்பனார் காலமானதும் படிப்பு நின்றுபோயிற்று. அறையை விட்டுப் போக மனசில்லாமல் அதே அறையில் உதவியாளாக நின்றுவிட்டார். புரொபசர் சொல்வதையெல்லாம் கடைசிச் சுவரோரமாக நின்று வருஷா வருஷம் கேட்டவர். பையன்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள்; இவர் ஒருவர்தான் மாறாத மாணாக்கர்.

திரும்பி வந்ததும் கார்பாலிக் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் தேய்ப்பார். பிறகு தலைக்கு ஸ்நானம், அது மார்கழியானாலும் சரி. அப்படியும் அந்த சோப்பு வாசனை அவரை விட்டுப் போகாது. மெஸ்ஸில் சிலருக்கு அந்த வாசனையே போதும். "பொணத்தைத் தொட்ட கை" என்று முணுமுணுப்பார்கள். அவர் காதில் விழாத மாதிரி இலையைச் சுற்றி நீர் விட்டுப் பரிசேஷனம் செய்துவிட்டுச் சாப்பிட ஆரம்பிப்பார்.

சாப்பிடும்போது அவரைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கவளத்தையும் முப்பது முறையாவது மெல்லுவார். எங்களுக்கோ டிராம் அவசரம். "கவளம், இன்னும் முதல் சாதத்திலேயே இருக்கீரே?" என்று யாராவது கேலி செய்தால், "நீர் ரசத்துக்கு வந்துட்டீர். உம்ம வயிறு இன்னும் சாம்பாரைப் பிரிச்சுப் பார்க்கவே ஆரம்பிக்கலை. பல்லு செய்ய வேண்டியதைப் பாவம் அதும் தலையிலே கட்டறீரே" என்பார். நமக்கு நாக்கோடு சாப்பாடு முடிந்துபோகிறது. அவருக்குத் தொண்டைக்குக் கீழேதான் ஆரம்பம். இருபது அடிச் சிறுகுடலை, காசிக்குப் போய் வந்தவர்கள் வழியிலுள்ள ஊர்களைச் சொல்கிற மாதிரி சொல்லுவார். உள்பக்கமெல்லாம் கம்பளிபோல இழை இழையாக இருக்குமாம். அந்த இழை ஒவ்வொன்றும் சோற்றின் சத்தை உறிஞ்சி ரத்தத்தில் சேர்க்குமாம். "பகவான் எத்தனை நுணுக்கமா நெய்திருக்கான் தெரியுமா? உள்ளே போய்ப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்" என்பார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் எங்கள் ஜபத்தைவிட அதிக பக்தி இருந்ததோ என்று இப்போது தோன்றுகிறது. அப்போது நான் காதில் வாங்காமல் மோர்ச் சாதத்துக்குப் போய்விடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்தியில் பேச்சு எப்படியோ எச்சிலுக்குத் திரும்பியது. அவர் சொன்னார்: "எச்சிலைத்தான் நாம ரொம்ப அசிங்கம்னு நினைக்கறோம். சோத்தை முதல்லே ஜீரணம் பண்றதே அதுதான்."

"சும்மா சொல்லாதேயும்" என்றார் ஒருவர்.

விடுவாரா? தன் பெட்டியிலிருந்து காயத்துக்குப் போடுகிற அயோடின் சீசாவைக் கொண்டுவந்தார். கிண்ணத்தில் கொஞ்சம் ஆறின கஞ்சியை ஊற்றித் தண்ணீர் விட்டு, அதில் ஒரு சொட்டு விட்டார். கஞ்சி எழுதுகிற மசி மாதிரி நீலமாகிவிட்டது. எல்லோரும் இலையை விட்டுக் கழுத்தை நீட்டிப் பார்த்தோம். பிறகு ஒரு பிடி சோற்றை வாயில் போட்டு நெடுநேரம் மென்றார். மென்றதை இன்னொரு கிண்ணத்தில் துப்பினார். தண்ணீர் விட்டுக் கலக்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்து அதிலும் ஒரு சொட்டு விட்டார். நீலம் வரவில்லை. அயோடினின் பழுப்பு நிறமே நின்றது.

"பார்த்தேளா? சோறு எங்கே போச்சு? தித்திப்பா மாறிண்டிருக்கு. வேணும்னா மென்னுண்டே இருந்து பாருங்கோ, நாக்கு சொல்லும்" என்றார், குழந்தை மாதிரி முகமெல்லாம் சிரிப்பாக.

யாரும் சிரிக்கவில்லை. பந்தியின் நடுவில், சாப்பிடுகிற இடத்தில், எச்சில் கிண்ணம். இரண்டு பேர் இலையை மடித்து எழுந்துவிட்டார்கள். சமையற்காரர் வாசற்படியில் நின்று, "இது வைதிக மெஸ்ஸா, ஆஸ்பத்திரியா?" என்று கூச்சல் போட்டார்.

அன்று சாயங்காலம் எல்லோரும் கூடிப் பேசினார்கள். வெளியே அனுப்பிவிடலாம் என்று சிலர். அவரும் நம்மவர், எங்கே போவார் என்று சிலர். அப்போது, "பின் தாழ்வாரத்திலே தனியா ஒரு இலை போட்டுடலாமே" என்று ஒரு குரல் கேட்டது.

அந்தக் குரல் என்னுடையது.

மறுநாளிலிருந்து அவர் தன் பஞ்சபாத்திரத்தை எடுத்துக்கொண்டு பின் தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்தார். கல்கத்தா மழை உங்களுக்குத் தெரியாது, சாய்ந்து அடிக்கும். சாரல் இலை வரைக்கும் வரும். ஒரு கையால் இலையை மறைத்துக்கொண்டு மறு கையால் அதே முப்பது முறை மென்று சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

அடுத்த வருஷம் நான் காளிகாட் பக்கம் ஒரு வங்காளி வீட்டின் கீழ்ப் பாகத்தை வாடகைக்கு எடுத்து என் சம்சாரத்தை அழைத்து வந்துவிட்டேன். மெஸ்ஸில் ஒவ்வொருவரையாகச் சாப்பிடக் கூப்பிட்டேன். அவரைக் கூப்பிடவில்லை.

எங்களுக்கு அங்கேயே பெண் குழந்தை பிறந்தது. ஆசாரத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. அந்த ஊரில் எல்லோரும் சாப்பிடுவது புழுங்கலரிசி. யாரோ எவரோ ஒரு முறை அவித்துவிட்ட அரிசி அது. எங்கள் வீட்டில் அது நுழையாது. நான் கடைவீதி முழுக்க அலைந்து, மெஷினில் நன்றாகத் தீட்டின பச்சரிசி வாங்கிவருவேன். கையில் எடுத்தால் முத்து மாதிரி இருக்கும். பல கை பட்டு வந்த அரிசியாயிற்றே என்று என் சம்சாரம் ஏழு தண்ணீரில் களைவாள். கஞ்சியை வடித்துக் கொட்டுவாள். நைவேத்தியம் அத்தனை வெளுப்பாக இருக்கும். அன்னபூரணி படத்துக்கு முன்னால் வைக்கும்போது எனக்கே பெருமையாக இருக்கும்.

குழந்தைக்கு மூன்றாம் மாதம். என் சம்சாரம் தனக்குக் கால் மரத்துப்போகிறது என்றாள். பிறகு வீங்கியது. மாடிப்படி பக்கம் ஒரு நாள் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் ஒருவர் டானிக் எழுதிக் கொடுத்தார். என் பங்குக்கு நான் பத்தியத்தை இறுக்கினேன். பருப்பு வாயு, அதை நிறுத்து. காய்கறி சீதளம், அதை நிறுத்து. சுத்த அன்னமும் மிளகு ரசமும் போதும் என்றேன். எல்லாம் அவளுக்கு நல்லதென்றுதான்.

அப்புறம் குழந்தை. பால் குடித்தால் கக்கும். ஒரு நாள் காலை, தூளியில் அதன் முகம் சிவந்திருந்தது. வாய் அகலத் திறந்திருந்தது. கை கால் உதைத்துக்கொண்டிருந்தது. அழுகிறது, ஆனால் சத்தம் இல்லை. காற்று மட்டும் வருகிறது.

"ஏன்னா, இதுக்குக் குரல் எங்கே போச்சு?" என்று என் சம்சாரம் என் முகத்தைப் பார்த்தாள்.

நான் காளிகாட்டு அம்மனை வேண்டிக்கொண்டு வெளியே ஓடினேன். டாக்டர் வீடு பூட்டியிருந்தது. கால் தானாக மெஸ்ஸுக்குப் போயிற்று. அவர் பின் தாழ்வாரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கிட்டே போகக் கூசியது. தூணைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். குழந்தை அழுகிறது, சத்தம் வரவில்லை என்றதும் அவர் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"தாயாருக்குக் கால் வீக்கமா?"

"ஆமாம்."

பாதி இலையில் எழுந்துவிட்டார். அன்னத்தை அவமதித்து நடுவில் எழுந்திருக்கிற மனிதர் இல்லை அவர். அந்த ஒரு காரியத்தைப் பார்த்துத்தான் எனக்கு விஷயம் எத்தனை பெரிது என்று புரிந்தது.

என் வீட்டு வாசற்படியோடு அவர் நின்றுகொண்டார். "ஸ்நானம் பண்ணியாச்சு. ஆனாலும் நான் இங்கேயே இருக்கேன்" என்றார். உள்ளே பார்த்து, "ஏம்மா, முழங்காலுக்குக் கீழே எலும்பு மேலே உன் பெருவிரலாலே அழுத்திப் பாரு. பத்து எண்ணி எடு. பள்ளம் நிக்கறதா?" என்று கேட்டார்.

"நிக்கறது, அண்ணா." பிசைந்த மாவில் விரல் பதிந்த மாதிரி நின்றது.

"குந்தி உக்காந்து, கை ஊணாம எழுந்திரு பார்க்கலாம்."

அவள் உட்கார்ந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. நான்தான் தூக்கிவிட்டேன்.

"ஓய், அரிசியைக் கொண்டாரும்" என்றார்.

டானிக் சீசாவைக் கேட்பார் என்று நினைத்திருந்தேன். அரிசிப் பாத்திரத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். ஒரு பிடி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"எத்தனை தண்ணியிலே களையறே, அம்மா?"

"ஏழு."

"கஞ்சி?"

"வடிச்சுக் கொட்டிடுவேன்."

"பருப்பு சேர்த்துக்கறயா?"

"இவர்தான் வேண்டாம்னார்."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "சோறுங்கறது அடுப்புக் கரி மாதிரி ஓய். உள்ளே போய் எரிஞ்சாத்தான் உடம்புக்குச் சக்தி. எரியறதுக்கு ஒரு பொறி வேணும். அது தவிட்டோட ஒட்டிண்டிருக்கு. மெஷின்காரன் பாதியைத் தீட்டி எடுத்தான். மீதியை நீங்க களைஞ்சு, வடிச்சு எடுத்துட்டேள். கரியை மட்டும் கொட்டிண்டே இருக்கேள். இவ பால்லேயும் அது இல்லே. அதான் இவ கால் வீங்கறது, குழந்தைக்குக் குரல் போச்சு."

"அது என்ன அது? பேர் என்ன?" என்று கேட்டேன்.

"தெரியாது. எங்க புரொபசருக்கும் தெரியாது. கிழக்கே தீவுகள்லே கோழிக்குத் தீட்டின அரிசியாப் போட்டாளாம், கால் விளங்காமப் போச்சாம். தவிட்டைப் போட்டதும் எழுந்து நடந்துதாம். பையன்களுக்கு அவர் சொல்லிண்டிருந்தார். நான் சீசா துடைச்சிண்டே கேட்டேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"நான் ஒரு தப்பும் பண்ணலியே, அண்ணா. அத்தனை சுத்தமா..." என்றாள் என் சம்சாரம் உள்ளேயிருந்து.

"சுத்தத்துலே என்ன குறை? கண்ணுக்கு நன்னாத்தான் இருக்கு. குடலுக்குக் கண்ணு இல்லையே."

வீட்டுக்காரம்மாளை நாங்கள் சித்தி முறை வைத்து மாசீமா என்போம். நல்ல மனசு, பெரிய குரல். அவர்கள் முற்றத்தில் காலால் மிதித்து நெல் குத்துகிற உலக்கை இருந்தது. புதுத் தவிடு வேண்டும் என்று கேட்டதும், "கோருர் காபார்!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். மாட்டுத் தீனியாம். "பிள்ளை பெற்றவளுக்கு மாட்டுத் தீனியா போடுவாய், பாபா?" என்று என்னைக் கோபித்தாள். அவர் வங்காளி பாஷையில் ஏதேதோ சொன்னார். கடைசியில் அவளே உலக்கை மேல் ஏறி மிதித்தாள்.

தவிட்டைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, வெல்லம் போட்டு என் சம்சாரத்துக்குக் கொடுத்தோம். தெளிந்த நீரைப் பஞ்சில் நனைத்துக் குழந்தையின் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டோம். இதெல்லாம் சரி, செய்துவிட்டேன். பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு முள்.

"சாப்பாட்டுக்கு மாசீமா ஆத்துப் புழுங்கலரிசியை வாங்கிக்கும். அவிக்கும்போதே அந்தச் சத்து அரிசிக்குள்ளே இறங்கிடறது. அப்புறம் தீட்டினாலும் அத்தனை சுளுவாப் போகாது. பருப்பும் போடும்."

சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். எங்கள் வீட்டில் அந்த அரிசி நுழையாது என்று அவருக்குத் தெரியும்.

நான் பூஜை மூலையில் போய் உட்கார்ந்தேன். என் தகப்பனார், அவர் தகப்பனார் யாரும் தொடாத அரிசி. அந்நியர் அடுப்பில் வெந்த அரிசி. கண்ணை மூடினால் சத்தம் வராத அந்த வாய்தான் தெரிந்தது. கண்ணைத் திறந்து படத்தைப் பார்த்தேன். அன்னபூரணித் தாயார் கையில் கரண்டி. பரமேசுவரனே கையேந்திக்கொண்டு நிற்கிறார். அந்தக் கரண்டியில் இருப்பது எந்த அரிசி, யார் அவித்தது, எத்தனை தண்ணீரில் களைந்தது என்று அவர் கேட்டாரா? எத்தனையோ வருஷம் தினம் பார்த்த படம். அன்றுதான் அதைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

எழுந்து போய் மாசீமாவிடம் பாத்திரத்தை நீட்டினேன்.

மூன்றாம் நாள் காலை கிணற்றடியில் ஸ்நானம் செய்துவிட்டு ஈர வேஷ்டியோடு ஜபத்துக்கு நின்றிருந்தேன். வீட்டுக்குள்ளிருந்து கதவு கிறீச்சிடுவதுபோல ஒரு சத்தம். கரகரவென்று, பாதி உடைந்த சத்தம். எண்ணிக்கை தப்பிவிட்டது. எத்தனையாவது காயத்ரி என்று தெரியவில்லை. நான் திரும்ப ஆரம்பிக்கவும் இல்லை. மாசீமா மாடியிலிருந்து, "கேட்டாயா, பாபா? கேட்டாயா?" என்று கத்தினாள்.

அந்தக் குழந்தைக்கு இன்று நான்கு பிள்ளைகள். அவள் சமையற்கட்டில் பேசினால் தெருக்கோடிக்குக் கேட்கும். மாப்பிள்ளை சில சமயம் என்னிடம் குறைப்பட்டுக்கொள்வார். நான் சிரித்துவிட்டு இருந்துவிடுவேன்.

என் சம்சாரத்தின் கால் சரியாவதற்கு இரண்டு மாதம் போல ஆயிற்று. அவள் கை ஊன்றாமல் எழுந்து நின்ற அன்று, "அவரைச் சாப்பிடக் கூப்பிடுங்கோ" என்றாள். நான் போனேன். மெஸ்ஸிலிருந்து வரும் வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார்: டிராமில் நின்றுகொண்டே வெற்றிலை போடுகிறவனின் இரைப்பையைப் பற்றி. எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. வீட்டுச் சந்து திரும்பும் இடத்தில் நின்று சொல்லிவிட்டேன்.

"அண்ணா, தாழ்வாரத்திலே இலை போடலாம்னு அன்னிக்குச் சொன்னது நான்தான்."

"தெரியுமே. நடுவிலே ஒரு தட்டிக் கதவுதானே இருந்தது."

"தெரிஞ்சுமா அன்னிக்குப் பாதிச் சாப்பாட்டிலே எழுந்து வந்தேள்?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "குழந்தைக்குக் குரல் போச்சுன்னீரே ஓய்" என்றார். அவ்வளவுதான். மறுபடி வெற்றிலைக்காரனுக்குப் போய்விட்டார்.

கூடத்தில் என் இலைக்குப் பக்கத்தில் அவர் இலை. வாசற்படியில் கொஞ்சம் தயங்கினார். என் சம்சாரம், "உள்ளே வாங்கோ அண்ணா, மடியெல்லாம் பார்த்திருந்தா நான் இன்னிக்கு இருந்திருக்கமாட்டேன்" என்றாள். வந்து உட்கார்ந்தார். புழுங்கலரிசிச் சோறு, பருப்பு, நெய், மாசீமா கொடுத்த கீரை. முதல் கவளத்தை வாயில் போட்டார். நான் பழக்கத்தில் எண்ண ஆரம்பித்தேன். முப்பது தாண்டியது. நாற்பது தாண்டியது. தலை குனிந்தபடியே இருந்தார். தாடை நின்றுவிட்டது, கை இலைமேல் அப்படியே இருந்தது.

பிடிக்கவில்லையோ என்று என் சம்சாரத்துக்குப் பயம். பேச்சை மாற்ற நினைத்துச் சமையற்கட்டு வாசலிலிருந்து கேட்டாள்: "அண்ணா, கவளம் இப்போ எங்கே இருக்கும்?"

அவர் நிமிரவில்லை.

"இன்னும் தொண்டையிலேதாம்மா இருக்கு. எறங்கமாட்டேங்கறது."

அவள் தீர்த்தம் எடுக்க உள்ளே ஓடினாள். தூளியில் குழந்தை வீடு அதிர அழுதுகொண்டிருந்தது. யாரும் எழுந்து போய் அதைச் சமாதானப்படுத்தவில்லை.